பாட்டின் கடைசியில் ஒரு சிரிப்பு

அன்புள்ள அக்கா,

பாடகி ஜோனி மிட்செலின் ‘பிக் யெல்லோ டாக்ஸி’ நான் சிறுவயதில் கேட்ட பாட்டு. என் மகளுக்கோ அதையே கவுன்டிங் க்ரோஸ் என்ற ராக் இசைக்குழு 2002இல் பாடியதுதான் தெரியும். எது மேல்? உண்மையைச் சொன்னால் எனக்கும் இப்போது புதியதே பிடிக்கிறது. மரங்களை அழித்து வாகனத் தரிப்பிடம் கட்டியதைப் பாடிவிட்டு மிட்செல் கடைசியில் சிரிப்பது பொறுப்பில்லாத்தனமாகப் படுகிறது. கொழும்பில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேச வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

– தெஹிவளை வாசகர்

அன்புள்ள தம்பி,

பேசலாம், அதில் என்ன தயக்கம்? மகளின் ரசனையையும் விட்டுவிடுங்கள், அவள் வந்து சேர்ந்த வழி நல்ல வழிதான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பொறுப்பில்லாத்தனம் என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சில வாரங்களாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காதுகொடுத்துக் கேட்டீர்களா? 1970இல் வந்த அந்தப் பாட்டு இரண்டேகால் நிமிடம்தான். கடைசி அடியில் குரலை உச்சிக்கு ஏற்றி, உடனே அடித்தொண்டைக்கு இறக்குகிறார். அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தப் பாட்டு பிறந்த கதை இது: அவர் ஹவாய்க்கு முதல்முறை போனபோது, காலையில் ஹோட்டல் யன்னல் திரையை விலக்கினால் தூரத்தில் பச்சை மலைகள், கீழே கண்ணுக்கெட்டியவரை வாகனத் தரிப்பிடம். மனம் உடைந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே மனதோடுதான் சிரிக்கிறார்.

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஓர் ஈரப்பலா நின்றது. அம்மா அதை வையாத நாளில்லை. பழுத்த காய் தகரக் கூரையில் தொம்மென்று விழுந்து நித்திரையைக் குழப்பும், சருகு கூட்டியே முதுகு முறியும். காணி கைமாறி, தொடர்மாடிக்காரரின் வாகனங்களுக்காக மரத்தை வெட்டினார்கள். கடைசிக் கிளை விழுந்தபோது, “இனி நிம்மதியா நித்திரை கொள்ளலாம்” என்று அம்மா சிரித்தார். சிரித்தபடியே போய், கீழே கிடந்த காயொன்றை எடுத்து, வடிந்த பாலை முந்தானையால் துடைத்தார். அந்தக் கறை போகாது என்று அவருக்குத் தெரியாதா? அந்தச் சேலையைப் பிறகு அவர் உடுத்தவுமில்லை, எறியவுமில்லை.

சிரித்தவளுக்குத் துக்கம் இல்லை என்று யார் தம்பி உங்களுக்குச் சொன்னது?

புதிய பாட்டில் கவுன்டிங் க்ரோஸின் பாடகர் ஆடம் டூரிட்ஸ் உருகிப் பாடுகிறார், மறுக்கவில்லை. வனெஸா கார்ல்டனின் பின்னணிக் குரலும் இனிமைதான். மூலத்தில் டாக்ஸி ஏறிப் போவது பாடுகிறவளுடைய ஆள், இதில் பாடுகிறவனுடைய பெண். அது பாடுபவரின் உரிமை. என் வருத்தம் வேறு. டூரிட்ஸ் தொடக்கத்திலேயே ஏங்கத் தொடங்கிவிடுகிறார். ஏற்கெனவே அழுகிற வீட்டில் கதவு அடித்துச் சாத்தினால் யார் திடுக்கிடுவார்கள்? மிட்செல் மரத்தையும் பூச்சிமருந்தையும் விளையாட்டுப்போலப் பாடிக்கொண்டு வருகிறார். அப்புறம், நாம் எதிர்பாராத நேரத்தில், இரவில் வலைக்கதவு அடிபடுகிறது, டாக்ஸி அவளுடைய ஆளைக் கொண்டுபோய்விடுகிறது. அதுவரை ஊருக்கு நடந்தது, ஒரே அடியில் அவள் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. புதியதில் பாட்டு முடிகிற நேரத்தில், ஏன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார்கள். மூலத்தில் அந்தக் கெஞ்சல் இல்லை. இருந்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு இடமிருந்திருக்காது.

எது மேல் என்றுதானே கேட்டிருந்தீர்கள்? இன்று இரவு மகளைப் பக்கத்தில் இருத்தி, பழையதைப் போடுங்கள். அந்தச் சிரிப்பு வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
அக்கா