‘கவனக்குறைவு’ என்று கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் ஒரு கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர். போன வாரம் எங்கள் ஆள் ஒருவர் மூன்றாம் மாடியில், குழாய் போக விட்டிருந்த திறப்பு வழியாக விழுந்து இறந்துவிட்டார். திறப்பின் மேல் பிளைவுட் பலகை இருந்தது, ஆனால் ஆணி அடிக்கவில்லை. கம்பெனி கூட்டிவந்த வெளி ஆலோசகர், ‘காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதி, டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை தொடங்குமுன் நடத்தும் பாதுகாப்புக் கூட்டம்) பழைய தாள்களையும் சேர்த்து என்னிடம் கையெழுத்து கேட்கிறார். 10 நாளுக்குள் போகாவிட்டால் எனக்குத்தான் சிக்கலாம். என்ன செய்வது ஐயா?
- பூன் லே வாசகர், சிங்கப்பூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் அந்த 10 நாள் பூச்சாண்டி. வேலையிடத்தில் ஒருவர் இறந்தால் மனிதவள அமைச்சுக்கு உடனே தகவல் சொல்லி, 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது உண்மைதான். அது முதலாளியின் கடமை, உங்களுடையதல்ல. எங்கே, எப்போது, யாருக்கு, என்ன நடந்தது என்று சொன்னால் போதும். யார்மீது தப்பு என்று அதற்குள் யாரும் தீர்ப்பு எழுதச் சொல்லவில்லை.

அடுத்து அந்தத் தாள்கள். விபத்துக்கு முந்தைய தேதி போட்டு இப்போது கையெழுத்து வாங்குகிறார்கள் என்றால் அது பொய் ஆவணம், குற்றம். மாட்டும்போது ஆலோசகர் அடுத்த தளத்தில் இருப்பார், தாளில் உங்கள் பெயர்தான் இருக்கும். நான் பார்த்த ஒரு கோப்பில், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்து டார்மிட்டரியில் படுத்திருந்த நாளில் இறந்தவர் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கையெழுத்துப் போட்டிருந்தார்! எல்லா ஆலோசகரும் இப்படி இல்லை. ஆனால் ஒரே அறிக்கையை வைத்துக்கொண்டு பெயரையும் தேதியையும் மாற்றி விற்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? தளத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே காரணம் சொல்லிவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் ‘தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி’ என்று இருக்கும். ஆணி அடிக்காத பலகைக்கு யார் பயிற்சி கொடுப்பது?

சரி, உண்மையில் விசாரிக்க வேண்டியது என்ன? இறந்தவர் ஏன் அங்கே கால் வைத்தார் என்பதிலிருந்து தொடங்கினால் கவனக்குறைவில்தான் போய் முடியும். பலகையிலிருந்து தொடங்குங்கள். கடைசியாக அதைத் தூக்கியது யார்? வேறு சப்கான் (துணை ஒப்பந்ததாரர்) ஆட்கள் குழாய் இறக்கத் தூக்கினார்களா? திருப்பி வைத்தபோது ஏன் ஆணி அடிக்கவில்லை, நேரமில்லையா, அது யார் வேலை என்றே தெரியாதா? கீழே திறப்பு இருக்கிறது என்று பலகைமேல் எழுதியிருந்ததா? சுற்றிலும் தடுப்பு ஏன் இல்லை? ஹார்னஸ் (உடலில் கட்டும் பாதுகாப்பு வார்) மாட்டியிருந்தாலும் கொக்கியைப் போட அருகில் இடம் இருந்ததா? 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் பெர்மிட், அதாவது எழுத்து அனுமதி, வேண்டும். அந்தப் பெர்மிட்டில் கையெழுத்திட்டவர் மாடிக்கு ஏறிப் பார்த்தாரா, ஆபீசில் உட்கார்ந்தே போட்டாரா?

இவற்றுக்குப் பதில் கிடைத்தால் நாளைக்கு அதே மாடியில் இன்னொருவர் விழமாட்டார். கவனமான ஆளும் களைத்துப் போவான், அவசரப்படுவான். அதற்காகத்தான் தடுப்பும் ஆணியும்.

சம்பவ இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயிர்ச்சேதம் நடந்த இடத்தில் அமைச்சின் அனுமதி இல்லாமல் எதையும் நகர்த்தக் கூடாது. முக்கிய விலக்கு, உயிரைக் காப்பது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘எதையும் தொடாதே’ என்று யாரோ கத்தியதால், ஹார்னஸில் தொங்கிய ஆளை இறக்காமல் நின்றிருக்கிறார்கள். அப்படித் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. சாரத்தை வெட்ட வேண்டுமா, வெட்டுங்கள். பலகையைத் தூக்கி எறிய வேண்டுமா, எறியுங்கள். இடிந்து விழும் நிலையில் இருப்பதை முட்டுக்கொடுத்து நிறுத்துவதும் இதில் அடங்கும். ஆனால் ஆம்புலன்ஸ் போன பிறகு பலகைக்கு ஆணி அடிப்பது இதில் அடங்காது. ரத்தத்தைக் கழுவுவதும் அடங்காது. காப்பாற்றும்போது எதை நகர்த்தினீர்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அமைச்சின் அதிகாரி வாக்குமூலம் எடுக்கும்போது தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், தயங்காதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தவறு இருந்தால் திருத்திய பிறகே கையெழுத்து. கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். மரண விசாரணை அதிகாரியின் விசாரணை வேறு. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள். யாரையும் தண்டிக்கும் இடமல்ல அது.

இந்த விசாரணை முறைமீது எனக்கும் எரிச்சல் உண்டு. 2004 நிக்கல் ஹைவே எம்ஆர்டி கட்டுமான இடிபாட்டில் 4 பேர் இறந்தார்கள். 2021 துவாஸ் தொழிற்கூட வெடிப்பில் 3 பேர். அவற்றுக்கு விசாரணைக் குழு அமைத்தார்கள், முழு விவரமும் வெளியே வந்தது. துவாஸில் வெடித்த கலவை இயந்திரம் முன்பே கோளாறு காட்டியது நமக்குத் தெரிவதும் அதனால்தான். ஒற்றை ஆளாக விழுந்து இறப்பவருக்கு? ஒரு பக்க எச்சரிக்கை அறிவிப்பு வரும். வழக்கு முடிந்து மீதி தெரிய வருடங்கள் ஆகும், அதற்குள் அந்தக் கட்டடத்தில் ஆட்கள் குடியே வந்துவிடுவார்கள். 2023இல் 36 ஆக இருந்த வேலையிட மரணங்கள் 2024இல் 43 ஆயின.

இன்னொன்று. இறந்தவர் வீட்டுக்கு இந்நேரம் போன் போயிருக்கும். ‘கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள், பணம் வராது, எனக்கு இத்தனை சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்’ என்று தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) ஒருவர் பேசுவார். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளில், மரணத்துக்குக் குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 269,000 வெள்ளி. ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும், வக்கீல்கூட வேண்டாம். அவர் மனைவியின் நம்பர் உங்களிடம் இருக்கும். அந்த ஆள் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குமுன் நீங்களே கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.