கலிங்கில் மீன் வலை கட்டலாமா? சொந்தமாக மண் அணை வைத்திருப்பவர்களின் கேள்விகள்

ஐப்பசி நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, தோட்டத்துக்குள்ளேயே அணையோ குளமோ வைத்திருப்பவர்களுடையவை. இந்த முறை வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். (கலிங்கு என்பது நிரம்பிய குளத்தின் மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழி.)

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் தாத்தா காலத்து மண் அணை, இருபதடி உயரம். கரையடியில் ஓரிடம் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா சார்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: கசியாத மண் கரை கிடையாது. கசிகிற தண்ணீர் தெளிந்திருக்கிறதா, கலங்கலா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் தங்கியிருந்தால் கரைக்குள்ளிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எலிவளை மாதிரி ஒரு துளை வெளிப்பக்கத்தில் ஆரம்பித்து, உள்ளே தண்ணீரைத் தேடிப் போகும். தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு கரை உடையச் சில மணி நேரம்தான்.

தெளிவாக வந்தாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். கசிவை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். பக்கத்திலேயே அன்றைய நீர்மட்டத்தையும் குறியுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மணலைக் கொப்பளித்துக்கொண்டு ஊற்றுக்கண் திறந்தால் எல்லோருக்கும் அதை அடைக்கத்தான் கை போகும். ஒரு தோட்டத்தில் மேஸ்திரி சிமென்ட் பூசி அடைத்துவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டினார். பத்தடி தள்ளிப் பார்த்தால் இரண்டு புதுக் கண்கள்! தண்ணீர் போகட்டும், மண் மட்டும் போகக்கூடாது. அதனால் கண்ணின் மேல் முதலில் பருமணல், அதற்கு மேல் சின்ன ஜல்லி, கடைசியாகப் பெரிய ஜல்லி என்று அடுக்குங்கள். கூடவே நீர்மட்டத்தை இறக்குங்கள். நெருக்கடி இல்லாத நாளில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்க வேண்டாம். சட்டென்று வடிந்தால் ஊறிப்போன உள்சரிவு சரிந்து விழும்.

கேள்வி: குளத்தை மீன் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகைக்காரர் மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் கம்பி வலை கட்டியிருக்கிறார். தவறா? (தென்காசி வாசகர்)

பதில்: இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். மண் கரைக்கு மேலே தண்ணீர் வழியவே கூடாது. வழிந்தால் வெளிச்சரிவு அரித்துக் கரை போய்விடும். அது நடக்காமல் காப்பாற்றுவது கலிங்கு ஒன்றுதான். மழையில் அடித்து வரும் இலையும் கிளையும் முதலில் சிக்குவது அந்த வலையில்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்றொரு மண் அணை இருந்தது. பணக்காரர்கள் சேர்ந்து நடத்திய மீன்பிடி கிளப்புக்குச் சொந்தமானது. ஆண்ட்ரூ கார்னகிகூட அதில் உறுப்பினர். அணையின் அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் அடிமதகுக் குழாய்களை முன்பிருந்த உரிமையாளரே பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார், திரும்பப் போட யாருமில்லை. குதிரைவண்டி போகட்டும் என்று கரையின் தலையைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். மீன் ஓடிவிடும் என்று கலிங்கில் வலை வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் வலை குப்பையால் அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரைமேல் ஏறியது. கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் செத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே தோட்ட முதலாளி எவரும் செய்யக்கூடிய சில்லறை வேலைகள்தான்.

மீன் போனால் அடுத்த வருஷம் குஞ்சு விடலாம். குத்தகைப் பத்திரத்தில் 'கலிங்கில் கை வைக்கக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கரையைக் குடைந்து பிவிசி குழாய் பதித்துத் தண்ணீர் எடுக்கலாமா? (ஊட்டி வாசகர்)

பதில்: வேண்டாம். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே கெட்டிக்க முடியாத இடுக்கு நிற்கும், தண்ணீர் அதைத்தான் வழியாகப் பிடித்துக்கொள்ளும். கரைக்கு மேலாகவே சைஃபன் (தண்ணீரைக் கரைமேல் இழுத்து மறுபக்கம் கீழே விடும் வளைகுழாய்) போடுங்கள். உங்கள் ஊர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர்மட்டத்திலிருந்து கரைத்தலை வரை ஐந்து மீட்டருக்குள் இருந்தால்தான் ஒழுங்காக இழுக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் ரிசார்ட்டுக்குள் படகு விட ஒரு சிறு அணை. கட்டும்போது கீழே காபிச் செடிதான், இப்போது வீடுகள் வந்துவிட்டன. அரசு யாராவது வந்து சோதிப்பார்களா? உடைந்தால் பொறுப்பு யாருக்கு?

பதில்: 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அரசு, தனியார் என்று பிரிக்கவில்லை, அளவைத்தான் பார்க்கிறது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை, 500 மீட்டர் கரை நீளம், பத்து லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் வரும். உங்களுடையது இதற்கெல்லாம் சிறியது. ஆகவே அந்தச் சட்டத்தின்படி யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. ஆனால் தண்ணீர் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லையே. 2018 மே மாதம் கென்யாவின் சொலாயில் ஒரு பண்ணை அணை ராத்திரியில் உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீழே வீடு வந்த அன்றே உங்கள் அணை வேறு அணையாகிவிட்டது. பெருமழை வெள்ளத்துக்குக் கலிங்கு போதுமா என்று ஒரு பொறியாளரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பொறுப்பு விஷயத்தில் பழைய வழக்கு ஒன்று உண்டு. இன்றைய ஆந்திராவிலுள்ள கார்வேட்டிநகர் ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில்வே பாலங்கள் போயின. மெட்ராஸ் ரயில்வே நஷ்டஈடு கேட்டது. 1874-இல், அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் நின்றது: அவை பழங்காலத்து ஏரிகள், ஊர்ப் பாசனத்துக்காக அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, கவனக்குறைவும் இல்லை என்றது. அதற்கு ஆறு வருஷம் முன்புதான் இங்கிலாந்தில் வேறு மாதிரி தீர்ப்பு வந்திருந்தது. அங்கே ஒரு மில் முதலாளியின் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் பாய்ந்திருந்தது. அவர் மேல் தனிப்பட்ட தவறு இல்லாமலே நஷ்டஈடு கட்டச் சொன்னார்கள். படகு விடும் குளத்துக்கு ஜமீன்தாரின் வாதம் எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: கோடையில் கரைமேல் விரிசல் விடுகிறது. மரங்களும் முளைத்திருக்கின்றன. (கொடைக்கானல் வாசகர்)

பதில்: கன்றுகளை இப்போதே வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டுவிட்டால், வேர் மக்கி அதுவே தண்ணீருக்குக் குழாயாகிவிடும். வற்றிய காலத்தில் வேரைத் தோண்டியெடுத்து, களிமண் இட்டுத் திமிசு போட்டுக் கெட்டியுங்கள். அதன் மேல் அருகம்புல் போதும்.

விரிசல் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. கரை நீளத்துக்கு ஓடி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சரிவு நழுவுகிறது. குறுக்கே, குளத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடினால் அதைவிட மோசம். ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். முழங்கை ஆழத்துக்கு மேல் இறங்கினால் இந்த மழைக்குக் குளத்தை நிரப்பாதீர்கள்.