உங்களை அதிக நாள் அலையவிட்ட ஒற்றை வரிப் பிழை எது?

நிரல்களின் வேகத்தை அளக்கும் எங்கள் பெஞ்ச்மார்க் கருவியின் டைமரில் இருந்த பிழைதான். சி மொழியில் எழுதிய சின்னக் கருவி, நான் வேலைக்குச் சேரும் முன்பே யாரோ எழுதி வைத்தது.

படங்களைச் சுருக்கும் நிரல் ஒன்றை, ஒரே நேரத்தில் ஓடும் 4 த்ரெட்டுகளாகப் பிரித்திருந்தேன். என் லினக்ஸ் மெஷினில் 4 கோர், நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நேரம் பாதியாவது குறைய வேண்டுமே? கருவி பழையபடி 8 விநாடி என்றது, சில சமயம் எட்டரை. த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கின்றன போல என்று மூன்று நாள், த்ரெட்டுகளைக் காக்க வைக்கும் பூட்டுகளை (lock) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கை நண்பர் விண்டோஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லா வேகமாத்தானே இருக்கு" என்றார். எரிச்சல்தான் வந்தது.

நான்காம் நாள்தான் ஒன்று உறைத்தது. எண்டர் தட்டி ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது, திரையில் மட்டும் 8 விநாடி! லினக்ஸின் 'டைம்' கட்டளையோடு ஓட்டினேன். 'ரியல்', அதாவது நிஜமாகக் கடந்த நேரம், 2 விநாடி. 'யூசர்', அதாவது நிரலுக்காகச் செயலி உழைத்த நேரம், 8 விநாடி.

கருவி நேரம் பார்த்தது 'கிளாக்' ஃபங்ஷனை வைத்து. லினக்ஸில் அது சுவர்க் கடிகார நேரத்தைத் தராது. நிரல் தின்ற சிபியு (செயலி) நேரத்தை எல்லா த்ரெட்டுக்கும் சேர்த்துக் கூட்டித் தரும். நாலு ரெண்டு எட்டு. விண்டோஸிலோ அதே பெயருள்ள ஃபங்ஷன் கடந்துபோன நிஜ நேரத்தைத் தருகிறது. நண்பர் சொன்னது சரிதான். இதில் இன்னொரு கூத்து, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் லினக்ஸில் இந்தக் கணக்கிலேயே வராது. ஃபைல் படிப்பது அபார வேகம் என்று அதற்கு முன் நாங்கள் கொடுத்த அறிக்கைகளை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

'கிளாக்_கெட்டைம்' ஃபங்ஷனுக்கு மாற்றி, பின்னால் போகாத கடிகாரமான 'கிளாக்_மோனோடானிக்' கொடுத்தேன். 'ரியல்டைம்' கொடுத்தால், நடுவில் யாராவது சிஸ்டம் நேரத்தைத் திருத்தினாலோ, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி பின்னால் தள்ளினாலோ கணக்கு கெடும்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் ஒரு சின்ன சோதனைக்கு மைனஸ் 0.8 விநாடி வந்தது. இது என் கைங்கரியம். அந்த ஃபங்ஷன் முழு விநாடியையும், மிச்சத்தை நானோவிநாடியாகவும் தனித்தனியாகத் தரும். 5.9-இல் தொடங்கி 6.1-இல் முடிந்தால் வித்தியாசம் 0.2. நான் நானோவிநாடிகளை மட்டும் கழித்திருந்தேன்.

அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம். அந்த மூன்று நாளில் கழற்றிப் போட்ட பூட்டுகளைத் திரும்ப மாட்டத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது.