ஒரே நர்ஸ், நான்கு குழந்தைகள்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி: என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸாக இருக்கிறேன். இரவு ஷிஃப்டில் நான்கு குழந்தைகளை என் பொறுப்பில் விடுகிறார்கள். இரண்டு குழந்தைகள் வென்டிலேட்டரில். கேட்டால் 'சமாளிச்சுக்கோ' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வென்டிலேட்டரில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்பது பிரிட்டனில் வகுத்திருக்கும் அளவு. நாலுக்கு ஒருவர் என்பது தேறிவரும் குழந்தைகளுக்கான கணக்கு.

ஆள் குறைந்த இரவில் முதலில் அடிபடுவது மருந்துச் சரிபார்ப்பு. ஒரு கிலோ குழந்தைக்கு மருந்து மில்லியில் தசமப் புள்ளிக்குப் பின்தான் வரும். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு ஏறிவிடும். இன்னொரு நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் போட்டதைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது சரிபார்ப்பே அல்ல. விடியற்காலை மருந்துக்கும் கணக்கை ஷிஃப்ட் தொடங்கும்போதே, மூளை தெளிவாக இருக்கையில், போட்டு வையுங்கள். ஆனால் சிரிஞ்சில் முன்கூட்டியே ஏற்றி வைக்காதீர்கள், ஒரு குழந்தையின் மருந்து இன்னொன்றுக்கு மாறிப்போகும்.

ஐ.வி. போட்ட இடத்தை மணிக்கொரு முறை கண்ணால் பாருங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தாலும் பம்ப் அலறாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) பொதுவாக 90–95 சதவீதம் என்று வைப்பார்கள். அடிக்கடி அடிக்கிறதே என்று மேல்வரம்பு அலாரத்தை அணைத்துவிட்டால், கூடுதல் ஆக்சிஜன் விழித்திரையைப் பாதிக்கும். ஒரு குழந்தையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கை சுத்தம். இதில் பேச்சே இல்லை. உடம்பு துடைப்பதும் ஸ்டாக் எண்ணுவதும் காத்திருக்கட்டும்.

இன்சார்ஜிடம் 'ஆள் போதாது' என்றால் அது புலம்பலாகத்தான் கேட்கும். ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரிலேயே, டூட்டி டாக்டரையும் வைத்துக்கொண்டு, இப்படிச் சொல்லுங்கள்: "சிஸ்டர், ரெண்டாம் பெட், அஞ்சாம் பெட் ரெண்டும் வென்டிலேட்டர். ஒரு குழந்தைக்கு சளி சக்‌ஷன் பண்றப்போ இன்னொண்ணுக்கு ட்யூப் கழண்டா பார்க்க ஆளில்லை. புது அட்மிஷன் என்னால எடுக்க முடியாது. பன்னிரண்டு மணி மருந்துக்கு ஒருத்தர் வரணும்." யார் வருவார் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

ஆள் வராவிட்டால், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்பதை ரிப்போர்ட் புக்கில் எழுதுங்கள். யாரையும் குறைகூற வேண்டாம். பெட் எண்ணும் நேரமும் போதும். நூலிழையில் தப்பிய தவறுகளையும் இன்சிடென்ட் ஃபார்மில் பதியுங்கள். எழுதாத இரவுகளெல்லாம் நிர்வாகத்தின் கணக்கில் நல்லபடி போன இரவுகள்தான். அதை வைத்துத்தான் அடுத்த மாத ட்யூட்டி லிஸ்ட் போடுவார்கள்.