பனியனில் பூஞ்சை

கேள்வி: ஜெர்மனிக்குக் கப்பலில் அனுப்பிய காட்டன் டி-ஷர்ட்டில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். எல்லாமே பாலிதீன் கவரில்தானே போனது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்தக் கவர்தான் சார் பாதி வில்லன். அயர்ன் செய்த துணி ஆறுவதற்குள் அவசரமாகக் கவரில் போட்டு ஒட்டிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், அட்டைப்பெட்டியும் அதை அடுக்கும் மரப் பேலட்டும் மழைக்காலத்தில் தம் பங்குக்கு ஈரத்தைக் குடித்திருக்கும். தூத்துக்குடியில் வெயிலில் காய்ந்த கன்டெய்னர் வாரக்கணக்கில் பயணித்து ஐரோப்பியக் குளிருக்குள் நுழையும்போது, உள்காற்றின் ஈரம் கூரைத் தகட்டில் வியர்த்து மேல்வரிசைப் பெட்டிகள் மேல் சொட்டும். கடல் தண்ணீர் புகவே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? துணியை நன்றாக ஆறவிட்டு மடியுங்கள். லோடு ஏற்றும் முன் ஒருவர் காலி கன்டெய்னருக்குள் நிற்க, வெளியிலிருந்து கதவைச் சாத்துங்கள். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கன்டெய்னரே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். கால்சியம் குளோரைடு ஈரம்உறிஞ்சிப் பைகளைப் பக்கச் சுவர்களில் தொங்கவிடுங்கள், மேல்வரிசையைக் கிராஃப்ட் தாளால் மூடுங்கள்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று பூஞ்சைத் தடுப்புப் பொட்டலம் எதையாவது வாங்கி உள்ளே போட்டுவிடாதீர்கள். டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பூஞ்சைக்கொல்லி ரசாயனம் அதில் இருக்கலாம், அது கலந்த பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் தடை. சரக்கு மொத்தமும் சிக்கிக்கொள்ளும்.