காருக்குள் பனி படிந்தால் துணியால் துடைத்துப் பயனில்லை

பயணத்தில் கார் முன்கண்ணாடியில் பனி படிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏசியைப் போட்டு, வெப்பநிலைக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்கு விடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஹீட்டர் மட்டும் போதாது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது ஏசிதான்.

பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து மதுரைக்கு, ஐந்து பேர், விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். துடைக்கத் துடைக்க மறுபடி படிகிறது என்றால், உள்காற்றையே சுழற்றும் பொத்தான் அழுத்தியபடி இருக்கலாம். ஐந்து பேரின் மூச்சும் வெளியே போக வழியில்லை. அதை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள்.

ஒரு சோதனை: கண்ணாடியின் உட்பக்கம் விரலால் கோடு போடுங்கள். கோடு விழவில்லையா? பனி வெளிப்பக்கம் இருக்கிறது. அப்போது ஏசி அதிகக் குளிர்ச்சி. குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள்.

உள்ளே பிசுபிசுப்பாகப் படிந்து, இனிப்பு வாடையும் வந்தால் ஹீட்டரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசியலாம். இன்ஜின் ஆறிய பிறகே அளவைப் பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. மெக்கானிக் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் பனிமூட்டம் இருந்தால் ஹைபீம் வேண்டாம், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. குறைந்த கியரில் இறங்குங்கள், லாரிகளுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விடுங்கள். முடிந்தால் விடிந்த பிறகே கிளம்புங்கள். வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.