பயணக் கேள்வி பதில்: ஓக் கிரீக் பள்ளத்தாக்கு

கேள்வி: அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். கிராண்ட் கேன்யன் போகிற வழியில் ஓக் கிரீக் பள்ளத்தாக்கைக் காரில் இருந்தபடியே பார்த்துவிடலாம் என்கிறான் மகன். என் கணவர் நன்றாக நடப்பார். எனக்கு முழங்கால் வலி. இறங்கிப் பார்க்கும் அளவுக்கு அங்கே ஏதேனும் இருக்கிறதா அம்மா?

பதில்: இறங்கித்தான் பார்க்க வேண்டும், சகோதரி. காரில் போனால் வளைவுகளும் முன்னே போகும் வண்டியும்தான் கண்ணில் நிற்கும். இதற்கென்று ஒரு பகலை ஒதுக்கச் சொல்லுங்கள். கிராண்ட் கேன்யன் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும்.

பீனிக்ஸிலிருந்து பள்ளத்தாக்கின் கீழ்முனையில் இருக்கும் செடோனா ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருந்து பிளாக்ஸ்டாஃப் நகரை நோக்கி ஏறும் 89ஏ சாலை ஓடையை ஒட்டியே போகிறது. பீனிக்ஸின் கள்ளிக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பச்சை நம்ப முடியாததாக இருக்கும். அக்டோபர் பிற்பாதி என்றால் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும்.

நான் எல்லோரையும் அனுப்பிவைக்கும் இடம் வெஸ்ட் ஃபோர்க் நடைபாதை. ஒரு வழி 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓடையை 13 முறை கடக்க வேண்டும், பெரும்பாலும் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவித்தான். அது உங்கள் கணவருக்கு. உங்களுக்கு முதல் கடப்புவரை போதும், அதுவரை பாதை சமதளம். பழைய ஆப்பிள் மரங்களும் 1980இல் எரிந்துபோன ஒரு விடுதியின் சுவர்களும் அந்தத் தொலைவுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. வழியில் வெயில் பட்ட பாண்டரோசா பைன் மரம் ஏதாவது கிடைத்தால் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள். வெனிலா வாசனை வரும். பிறகு அண்ணாந்து பாருங்கள். சிவந்த பாறைக்கு மேலே வெளிறிய பாறையில் சாய்வான கோடுகள் தெரியும். ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை அவை. அந்தக் கோடுகளுக்காகவே நான் அங்கே திரும்பத் திரும்பப் போகிறேன்.

வண்டி நிறுத்துமிடம் சிறியது, தனிக் கட்டணமும் உண்டு. வாரநாளில், காலையிலேயே போய்விடுங்கள். இடமில்லை என்று சாலையோரம் நிறுத்திவிட்டு அந்தக் குறுகிய வளைவுகளில் நடப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இடி கேட்டால், அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும், உங்கள் கணவர் உள்ளே போகக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்த ஆபத்து அதிகம். நீங்கள் போகும் மாதம் அவ்வளவு மோசமில்லை.

வந்த வழியிலேயே திரும்பாமல் மேலே ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் ஓக் கிரீக் விஸ்டா காட்சிமுனை வரும். அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஏறி வந்த சாலை முழுவதும் கீழே தெரியும். பூர்வகுடிக் கைவினைஞர்கள் தாங்கள் செய்த நகைகளை அங்கே விற்பார்கள், பொறுமையாகப் பாருங்கள். பிளாக்ஸ்டாஃப் அருகே வால்நட் கேன்யனில் பாறைக் குடைவுகளில் கட்டிய பழங்கால வீடுகள் இருக்கின்றன. அவற்றின் அருகே போகும் பாதையில் 240 படிகள். இறங்கினால் அத்தனையும் ஏற வேண்டும். உங்களுக்கு விளிம்பை ஒட்டிய பாதை போதும்.

கேள்வி: அதே பள்ளத்தாக்கில் ஸ்லைடு ராக் என்று ஓர் இடம் இருக்கிறதாமே? ஏழு வயதுப் பேரனை அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம். ஓடை பாறையில் அறுத்த இயற்கையான சறுக்கு அது, சுமார் 24 மீட்டர் நீளம். தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். சறுக்கைவிடப் பாசியைத்தான் கவனிக்க வேண்டும். தண்ணீருக்குள் நடக்கும்போது பேரன் காலில் பிடிப்புள்ள பழைய ஷூ இருக்கட்டும். பாறை உரசும், ஆகவே தடித்த துணியில் காற்சட்டை போடுங்கள். தண்ணீரில் கிருமி கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். புறப்படும் அன்று காலை ஸ்லைடு ராக் பூங்காவைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அதன் பிறகு பையனிடம் சொல்லுங்கள்.